சேத்தியாத்தோப்புச் சமையல்காரன்

தட்சிணாமூர்த்தி வாங்கிவந்த அவரைக்காயை முறத்தில் கொட்டிப் பார்த்த மணிவண்ணனுக்குச் சிரிப்புதான் வந்தது. மார்கழி மாதத்தில், சிதம்பரத்தில், கெட்ட அவரைக்காய் வாங்குவதற்குத் தனித் திறமை வேண்டும். தெருவுக்குத் தெரு பச்சைப்பசேலென்று குவிந்து கிடக்கிற பருவம். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் நல்லதுதான் வரும். அவரோ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தள்ளுவண்டிக்காரனோடு பத்து நிமிடம் வாதாடி, நாராகிப்போன முற்றலாகப் பார்த்துப் பொறுக்கி வந்திருந்தார். கூடவே தோல் சுருங்கிய நாலு கேரட், இரண்டு வெள்ளரிக்காய்.

"பாத்து வாங்கினது சார். எல்லாம் நல்ல காயி," என்றார்.

மருமகனை அவர் சார் என்றுதான் கூப்பிடுவார். மாப்பிள்ளை என்றால் உறவாகிவிடும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் தப்பாகப் பேசுவார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தபோது மனுவோடு வந்து நின்றவர்களை எல்லாம் அவர் சார் என்றுதான் கூப்பிட்டார். உட்காரச் சொல்ல வேண்டியதில்லாத மரியாதை அது.

மணிவண்ணன் கடலூர் முதுநகரை ஒட்டிய சோனாங்குப்பத்துக்காரன். அப்பா கடலுக்குப் போனவர், இப்போது இல்லை. அம்மா தனம் மீன் விற்றுப் படிக்கவைத்தாள். அண்ணாமலை நகரில் லாட்ஜில் தங்கிக் கணிதம் படித்தான். இப்போது அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வங்கியில் வேலை பார்க்கும் வித்யாவை ஐந்து வருடங்களுக்கு முன் கல்யாணம் செய்துகொண்டான். சுத்த சைவ வீட்டுப் பெண். அவள் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு ஒரு ஆள் வரவில்லை. மூன்று வருடம் பேச்சும் இல்லை. அப்புறம் வித்யாவுக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. அம்மா ஞானாம்பாள் ஒற்றைக் காலில் நின்று அவர்களை மாடிக்குக் குடிவரச் செய்தாள். தட்சிணாமூர்த்தி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மாடிப்படியில் மீன் வாசம் இறங்கக் கூடாது.

அந்த வருடம் திருவாதிரைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஞானாம்பாள் கொல்லைக் குழாயடியில் பாசி வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துபோய் மாவுக்கட்டு. வித்யா காலை ஒன்பதுக்குப் போனால் இரவு ஏழுக்கு வருவாள். அவளுக்கு உப்புமா வரும், அதுவும் கட்டியாக. தட்சிணாமூர்த்திக்குக் காபி கலக்கக்கூடத் தெரியாது. அறுபத்தாறு வயதில் ஒரு டம்ளர் காபிக்கு இன்னொருத்தர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதை அவர் அந்தஸ்து என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் ஓட்டல் இட்லி வந்தது. மூன்றாம் நாள் அரையாண்டு லீவு விட்டது. மணிவண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தான்.

"சமையக்கட்டுல நீங்களா சார்?"

"வேற யாரு மாமா இருக்காங்க?"

அவர் அடுப்படி வாசலில் நின்று மூக்கை லேசாகத் தூக்கி ஒருதரம் முகர்ந்து பார்த்தார். குளித்துவிட்டு வந்தவன் மேல் சோப்பு வாசம்தான் அடித்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது.

அந்தச் சமையலறையைப் பற்றி மணிவண்ணனுக்கு ரொம்ப நாளாகவே ஒரு இளக்காரம் உண்டு. சைவம் சைவம் என்று மார்தட்டுகிற வீட்டில் காய்க்கு ஒரு மரியாதை கிடையாது. அவரையாக இருந்தாலும் கொத்தவரையாக இருந்தாலும் பரங்கியாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் குக்கரில் மூன்று விசில். பிறகு பருப்பு, தேங்காய், பெருங்காயம். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் செவ்வாய்க்கிழமைக் கூட்டுக்கும் வெள்ளிக்கிழமைக் கூட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இதைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கைப்பக்குவம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சோனாங்குப்பத்தில் யாரும் சைவம் இல்லை. ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கடல் கொந்தளித்தால் படகு இறங்காது. அந்த நாட்களில் தனம் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேற்கே வயக்காட்டு ஊர்களுக்குப் போவாள். கருவாட்டைக் கொடுத்துவிட்டு அவரை, மொச்சை, பரங்கிப் பிஞ்சு, முள்ளங்கி என்று மாற்றிக்கொண்டு வருவாள். பாதி மழைக்காலம் அதைத்தான் தின்றார்கள். தினமும் தின்ன வேண்டுமென்றால் தினமும் வேறு வேறு ருசியில் இருந்தாக வேண்டும். காய் வெந்து குழைவதற்கு ஒரு நிமிடம் முன்னால் அடுப்பை அணைக்க வேண்டும் என்பது அவனுக்கு அங்கே தெரிந்த விஷயம். மீனைக் குழைய விடுகிற பெண்ணை அந்தத் தெருவில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

முற்றல் அவரையைக் கழித்துக் கட்டினான். கொட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு தோலைக் குப்பையில் போட்டான். தட்சிணாமூர்த்தி குப்பைக் கூடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவருக்குச் சர்க்கரை. பச்சைக் காய் சாப்பிடச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். செல்போனில் ஏதோ வீடியோ பார்த்து, வெள்ளரிக்காயையும் கேரட்டையும் வட்டம் வட்டமாக நறுக்கித் தட்டில் அடுக்கி, அதற்குச் சாலட் என்று பேர் வைத்திருந்தார். பனிக்காலத்து வெள்ளரிக்காயில் தண்ணீரைத் தவிர என்ன இருக்கிறது? அதை மாத்திரை விழுங்குகிறவர் மாதிரி மென்று, வாயைத் துடைத்துக்கொண்டு, "ஹெல்த்து முக்கியம்," என்பார்.

மணிவண்ணன் இளம் முள்ளங்கியைத் துருவினான். ஊறவைத்த பாசிப்பருப்பைப் போட்டான். நாலு பெரிய நெல்லிக்காயைக் கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்கிச் சேர்த்தான். பச்சை மிளகாய், கொத்தமல்லி, ஒரு பிடி தேங்காய்த் துருவல். கடுகு தாளித்துக் கொட்டினான். உப்பை மட்டும் பரிமாறுகிறபோதுதான் போட்டான். முன்னாடியே போட்டால் முள்ளங்கி தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும்.

"என்னா இது?"

"சாலட் மாமா."

ஒரு வாய் எடுத்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் எடுத்தார். கடைசியில் கிண்ணத்தை வழித்துவிட்டு, "முள்ளங்கி வாசம் அடிக்குது," என்றார். முள்ளங்கியில் முள்ளங்கி வாசம் அடிக்காமல் மல்லிகைப்பூ வாசமா அடிக்கும் என்று மணிவண்ணன் நினைத்துக்கொண்டான். மறுநாள் மத்தியானம் அவர் மனைவியிடம் கேட்டது அடுப்படி வரைக்கும் கேட்டது.

"அது இன்னைக்கி இல்லியா?"

"எது?"

"அதான், நேத்து அந்த நெல்லிக்கா போட்டது."

பரங்கிப் பிஞ்சைப் பால் விட்டுக் கூட்டு செய்தான். பச்சை மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தான். வாழைத்தண்டைத் தயிர்ப் பச்சடி செய்தான். தட்சிணாமூர்த்தி எல்லாவற்றிலும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் நண்பர்களோடு போனில் பேசும்போது மட்டும் சொன்னார். "வித்யாதான் சமைக்கிறா. பேங்க் வேலையும் பாத்துட்டு, பாவம், எல்லாத்தையும் செய்யிறா." மாடிப்படியில் நின்று இதைக் கேட்ட வித்யாவுக்கு முகம் சிவந்துபோனது. "நான் போயி சொல்றேன்," என்றாள். "வுடு," என்றான் மணிவண்ணன். "சொல்லிட்டுப் போறாரு." அந்த ஆளிடம் போய் நான்தான் சமைத்தேன் என்று நிரூபித்துப் பேர் வாங்குவதைவிட அடுப்படியைக் கழுவிவிடுவது மேல் என்று அவனுக்குத் தோன்றியது.

திருவாதிரை நெருங்கியது. வருடா வருடம் தரிசனம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் முப்பது பேர் அந்த வீட்டில்தான் சாப்பிடுவார்கள். களியும் ஏழுகறிக் கூட்டும். தட்சிணாமூர்த்தி மூன்று சமையல் கான்ட்ராக்ட்காரர்களைக் கேட்டார். திருவாதிரை அன்றைக்குச் சிதம்பரத்தில் சும்மா இருக்கிற சமையல்காரன் எங்கே கிடைப்பான்? மூன்று பேரும் கைவிரித்தார்கள்.

"மாப்ள செய்வாரு," என்றாள் ஞானாம்பாள்.

"முப்பது பேருக்கா?"

"நாப்பது பேருக்குக்கூட செய்வாரு. நீங்கதான் அஞ்சு நாளா தட்ட வழிச்சித் துன்னுறீங்களே."

தட்சிணாமூர்த்தி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "காயி நான் வாங்கிட்டு வந்துடுறேன்," என்றார்.

"வேணாம் மாமா," என்றான் மணிவண்ணன். "அத நான் பாத்துக்கிறேன்."

முதல் நாள் விடியற்காலையில், காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, பனியில் பைக்கை ஓட்டிச் சேத்தியாத்தோப்பு மார்க்கெட்டுக்குப் போனான். மூட்டை பிரிக்கிற நேரம். குவியலின் மேலே அழகாக அடுக்கியிருப்பதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை அடியில் விட்டு எடுத்தான். அவரையை வளைத்துப் பார்த்தான். டக்கென்று ஒடிந்தது. பரங்கிக்காயைக் காம்போரம் அழுத்திப் பார்த்தான். வாழைக்காயைத் தட்டினான். சேப்பங்கிழங்கை முகர்ந்தான். கடைக்காரப் பெண்மணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னா தம்பி, மீனுக்குச் செவுளு தூக்கிப் பாக்குற மாரி பாக்குற?"

"பழக்கம்," என்றான்.

அவரை, பச்சை மொச்சை, பரங்கி, வாழைக்காய், சேப்பங்கிழங்கு, கருணை, சர்க்கரைவள்ளி. ஏழு. பைக்கின் இரண்டு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்புகிறபோது அம்மா போன் செய்தாள். வருடா வருடம் அவள் ஊர்ப் பெண்களோடு வேன் பிடித்துத் தரிசனத்துக்கு வருவாள்.

"நாளைக்கி வர்றோம்டா. தரிசனம் முடிச்சிட்டு வூட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போவட்டா?"

மணிவண்ணன் பைக்கை ஓரமாக நிறுத்தினான். அந்த முப்பது பேர் நடுவில் அம்மா வந்து உட்காருவதை நினைத்துப் பார்த்தான். தட்சிணாமூர்த்தியின் மூக்கு தூக்கிக்கொள்வதை நினைத்துப் பார்த்தான். "நாளைக்கி நாங்க யாரும் வூட்ல இல்லம்மா," என்றான். "மாயவரத்துல வித்யா சொந்தக்காரங்க வூட்டு விசேஷம். காலையிலயே போயிடுவோம்."

"அப்டியா," என்றாள் தனம். "சரி. பாத்துப் போயிட்டு வாங்க."

அம்மாவை அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாக அவன் நினைத்தான். சிதம்பரம் வந்து சேருகிற வரைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டு வந்தான்.

திருவாதிரை அன்று நாலு மணிக்கு எழுந்து குளித்தான். கொல்லையில் பெரிய கேஸ் அடுப்பை வைத்து, அண்டாவை ஏற்றினான். கருணையைப் புளித்தண்ணீரில் வேகவைத்து வடித்தான். சேப்பங்கிழங்கைத் தனியாக வேகவைத்துத் தோலுரித்தான். மொச்சையை முக்கால் பதத்தில் எடுத்தான். புளிக்கரைசல் கொதி வந்ததும் வாழைக்காயைப் போட்டான், அது பாதி வெந்ததும் அவரை, அப்புறம் சர்க்கரைவள்ளி, கடைசியில் பரங்கி. தனியா, கடலைப்பருப்பு, மிளகாய், எள், தேங்காய் எல்லாம் வறுத்து அரைத்த விழுதைக் கரைத்து விட்டான். துவரம்பருப்பைச் சேர்த்தான். ஏழு காயும் ஒரே குழம்புக்குள் கிடந்தாலும் ஒவ்வொன்றும் தன் ருசியை விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும். அது அன்றைக்கு அமைந்தது. வறுத்த அரிசியும் பாசிப்பருப்பும் உடைத்து, வெல்லப் பாகில் கிளறி, நெய்யும் ஏலக்காயும் போட்டுக் களியையும் இறக்கினான். கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. அவனுக்கு அண்ணாந்து பார்க்க நேரமில்லை.

பதினொன்றரைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தட்சிணாமூர்த்தி பட்டு வேட்டியும் விபூதியுமாக அடுப்படிக்கு வந்தார்.

"சார், நீங்க வெளிய வர வேணாம். வேர்த்து விறுவிறுத்துக் கெடக்கீங்க. வித்யாவும் பக்கத்து வூட்டுப் பொண்ணும் பரிமாறிக்குவாங்க."

"சரி மாமா."

பெரும்பாலான சொந்தக்காரர்கள் மணிவண்ணனைப் பார்த்ததே இல்லை. வித்யாவின் கல்யாணத்தை ஒரு விபத்து மாதிரி நினைத்து, அதைப் பற்றிக் கேட்காமல் இருப்பதை நாகரிகமாக வைத்திருந்தார்கள். இலை போட்டாயிற்று. களி விழுந்தது, கூட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் கூடத்தில் பேச்சே இல்லை. சாப்பாடு நன்றாக இருந்தால்தான் அந்த வீட்டு ஆட்கள் வாயை மூடுவார்கள்.

பிறகு ஒரு பெண்குரல் கணீரென்று கேட்டது. "யாருடா சமையலு?"

அது அமராவதி. தட்சிணாமூர்த்தியின் அக்கா. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிற ரிட்டயர்டு தலைமையாசிரியை. தம்பி வீட்டுக்கு ஆறு வருடமாக வராதவள், அந்த வருடம்தான் வந்திருந்தாள்.

"சேத்தியாத்தோப்புலேந்து ஒரு ஆள வரவச்சிருக்கோம்க்கா," என்றது தட்சிணாமூர்த்தியின் குரல். "நல்ல கை. சுத்தமான ஆளு."

மணிவண்ணன் கரண்டியை வைத்துவிட்டு நின்றான். சமையல்காரன் என்று சொன்னது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. சமைத்தவன் சமையல்காரன்தான். 'சுத்தமான ஆளு' என்ற சொல்தான் உள்ளே போய்த் தைத்தது. இல்லாத ஒருத்தனை உண்டாக்கி, அவனுக்கு ஊர் கொடுத்து, சுத்தமும் கொடுத்திருக்கிறார். இருக்கிறவனுக்கு ஒரு ஊர்கூட இல்லை. கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்த வித்யா கையில் வாளியோடு அப்படியே நின்றதை அவன் கதவிடுக்கில் பார்த்தான்.

அமராவதி பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையோடு அடுப்படிக்கே வந்துவிட்டாள். பின்னாடியே தட்சிணாமூர்த்தி ஓடிவந்தார்.

"நீதானாப்பா? கூட்டு பிரமாதம். ஏழு காயும் தனித்தனியா தெரியிது. எங்க அம்மா காலத்துலகூட நான் இப்டி சாப்ட்டதில்ல. தை மாசம் என் பேரனுக்குக் காதுகுத்து. வரியா?"

மணிவண்ணன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். அமராவதிக்குப் பின்னால் நின்றிருந்த மாமனாரைப் பார்த்தான். அவர் கண் கெஞ்சியது. வேண்டாம் என்று தலை லேசாக ஆடியது. ஐந்து வருடத்தில் அவர் அவனிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தரம். அதுவும் ஒரு பொய்யைக் காப்பாற்றிக் கொடுக்கச் சொல்லி.

"சேத்தியாத்தோப்புல எந்தப் பக்கம்?" என்றாள் அமராவதி.

"சேத்தியாத்தோப்பு இல்லிங்க. சோனாங்குப்பம்."

"நம்ம கடலூரு சோனாங்குப்பமா? அங்க ஏது சைவச் சமையக்காரன்?"

"சமையக்காரன் இல்லிங்க பெரியம்மா. நான் வித்யா வூட்டுக்காரன்."

அமராவதி அவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருதரம் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை, ஒரு மலர்ச்சி இருந்தது. ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு பொருள் கையில் கிடைத்த மாதிரி.

"மருமவன எதுக்குடா ஆளுன்னு சொன்ன?"

"ஒரு பேச்சுக்கு சொன்னதுக்கா."

"பேச்சுக்கா." அவள் கூடத்துக்குப் போய் மறுபடி இலை முன்னால் உட்கார்ந்தாள். "வித்யா, எனக்கு இன்னுங் கொஞ்சம் கூட்டு போடும்மா. ஒன் வூட்டுக்காரரு செஞ்ச கூட்டு," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பதி ரசத்துக்குக் காத்திராமல் இலையை மூடினார்கள். மற்றவர்கள் அமராவதியைப் பார்த்தார்கள், அவள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் சாப்பிட்டார்கள். மணிவண்ணனுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. அந்த அம்மாள் தன் பக்கம் பேசியதாக அவன் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. அவளுக்கும் தம்பிக்கும் நிலத் தகராறோ என்னவோ இருந்தது, அதற்கு ஒரு தடி வேண்டியிருந்தது, அவன் கிடைத்தான். கல்யாணத்துக்கு வராத அத்தைதான் இவளும். மூன்றாம் தரமும் கூட்டு வாங்கினாள். அவ்வளவு கூட்டு யாருக்கும் இறங்காது.

எல்லோரும் போன பிறகு தட்சிணாமூர்த்தி அடுப்படி வாசலில் வந்து நின்றார். வேட்டி கசங்கியிருந்தது.

"நாலு பேருக்கு முன்னாடி என்ன அசிங்கப்படுத்திட்டீங்க சார்."

"நான் என் ஊரு பேர சொன்னேன் மாமா. அவ்ளோதான்."

அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மணிவண்ணன் அண்டாவைக் கொல்லைக்கு இழுத்துப்போய்த் தேய்க்க ஆரம்பித்தான். தேய்க்கத் தேய்க்க அவனுக்கு உடம்பு லேசானது. இந்த மனிதருக்குப் பயந்துகொண்டா இரண்டு வருடம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்காமல் ஏறினோம் என்று நினைத்தபோது சிரிப்புகூட வந்தது.

வித்யா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அப்பா செஞ்சது கேவலம்," என்றாள். "நான் அவர்கிட்ட பேசப்போறதில்ல. ஆனா மணி, நீ உங்கம்மாகிட்ட என்னா சொன்ன?"

"என்னா சொன்னேன்?"

"மாயவரத்துல விசேஷமாமே."

மணிவண்ணன் கையில் இருந்த தேங்காய் நாரைக் கீழே போட்டான். "அது வேற. அவுங்க இங்க வந்து இவர்கிட்ட அசிங்கப்பட வேணாம்னுதான்…"

"வாரா வாரம் நான் அத்தகூட போன்ல பேசறேன்னு ஒனக்குத் தெரியாதா? எங்கம்மா கை ஒடஞ்சதும் அவுங்களுக்குத் தெரியும். நீ சமைக்கப்போறதும் தெரியும்."

கொல்லைக் கதவருகே, மாவுக்கட்டைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு ஞானாம்பாள் நின்றிருந்தாள். அவள் வந்ததை அவன் கவனிக்கவில்லை.

"மாப்ள, அவுங்க காலையில வந்துட்டுப் போனாங்க," என்றாள். "ஏழு மணி இருக்கும். இவரு கோயிலுக்குப் போயிருந்தாரு. கை ஒடஞ்சவங்கள பாக்காம எப்டி போறதுன்னு வந்தாங்களாம். ஒரு சீப்பு பழம் குடுத்தாங்க. காப்பி வேணாம்னுட்டாங்க. நீங்க கொல்லையில அடுப்புக்கிட்ட நின்னீங்க. சன்னல் வழியா பாத்துட்டு, புள்ளைகிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

அவன் அண்டாவில் இருந்த அழுக்குத் தண்ணீரைக் கவிழ்த்தான். கை கழுவினான். ஒரு அடுக்கு கேரியரில் களியும் கூட்டும் நிரப்பி எடுத்துக்கொண்டு பைக்கை எடுத்தான். வித்யா வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான்.

புதுச்சத்திரம் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டி, கடலூர் வரைக்கும் அவன் மாமனாரைப் பற்றித்தான் நினைக்கப் பார்த்தான். அவரை நினைத்தால் மனசு தெளிவாக இருந்தது. கெட்ட அவரைக்காயும், பட்டு வேட்டியும், மூடிய கதவும். ஆனால் ஒவ்வொரு தரமும் அவர் முகம் கலைந்து, சன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் அம்மா நிற்பதில் போய் முடிந்தது. அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று ஞானாம்பாள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

சோனாங்குப்பத்தில் வீடு திறந்து கிடந்தது. தனம் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"மாயவரத்துலேந்து வரியா?"

அவன் கேரியரை அவள் முன்னால் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தான். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். சேத்தியாத்தோப்பு ஆள் என்று மாமனார் சொன்னதை, அமராவதி வந்து கேட்டதை, தான் ஊர்ப் பேரைச் சொன்னதை. "எல்லார் முன்னாடியும் என்ன இல்லாத ஆளா ஆக்கிட்டாரும்மா," என்று சொல்லும்போதே தன் குரல் தனக்கே கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டான்.

தனம் கேரியரைத் திறந்தாள். கூட்டில் ஒரு துண்டு சேப்பங்கிழங்கை எடுத்து வாயில் போட்டாள்.

"வெந்தது ஜாஸ்தி," என்றாள்.

"கேரியர்ல சூட்டுலயே இருந்துச்சில்ல."

"புளியும் தூக்கலா இருக்குது." இன்னொரு துண்டு எடுத்தாள். "படிச்சவன்தான நீ? பொய் சொல்றவன் பொண்டாட்டிகிட்ட கலந்துக்கினு சொல்லக் கூடாது? அதுகூட தெரியல."

"அம்மா, நீ அங்க வந்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதுன்னுதான்."

"நாப்பது வருசமா கூடைய தூக்கிக்கினு தெருத் தெருவா போனவ நானு. என்ன ஒருத்தன் என்னா கேட்டுற முடியும்?" அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. விலை படியாத ஆளைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னாள். "ஒன் மாமனாருக்கு அவரு அக்காவ பாத்து பயம். ஒனக்கு அவரப் பாத்து பயம். பெரிய கணக்கு வாத்தியாரு."

மணிவண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சோறு இருக்காம்மா?"

"இருக்குது. சங்கரா மீன் கொழம்பு. மார்கழி பாக்குறதுன்னா தயிர் இருக்குது. போட்டுத் துன்னு. கை இருக்குல்ல?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கேரியரைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அவன் அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்தான். தட்டில் சோற்றைப் போட்டு மீன் குழம்பை ஊற்றினான். வாசலில் எதிர்வீட்டு மங்கலத்தின் குரல் கேட்டது.

"என்னா தனம், கமகமங்குது?"

"திருவாதுர களி. ஏழுகறிக் கூட்டு. கிண்ணம் எடுத்தா."

"மவன் கொண்டாந்தானா? யாரு செஞ்சது?"

உள்ளே மணிவண்ணனின் கை தட்டிலேயே நின்றது.

"யாரு செய்வாங்க, என் மருமவதான்," என்றாள் தனம். "வேலைக்கும் போயிக்கினு, விடிகாத்தால எழுந்து முப்பது பேருக்கு செஞ்சிருக்குது. அந்த வூட்டுல என் புள்ளைய ஒரு டம்ளரு நகத்த வுட மாட்டாங்க."

மங்கலம் ஏதோ மெச்சிப் பேசினாள். கிண்ணத்தில் கரண்டி படுகிற சத்தம் கேட்டது. மணிவண்ணன் வாசலுக்குப் போகலாமா என்று ஒரு கணம் பார்த்தான். பிறகு ஒரு மீன் துண்டை எடுத்து முள்ளைப் பிரித்தான். பதமாக வெந்திருந்தது. சாப்பிட ஆரம்பித்தான்.